தாடையற்ற கவச மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை எப்படிப்பட்ட மீன்கள்?

மீன்களுக்குத் தாடை என்ற உறுப்பே பரவலாகாத காலத்தில், தலையையும் மார்பையும் எலும்புத் தகடுகளுக்குள் வைத்துக்கொண்டு நீந்தியவை. மொத்தமாக இவற்றை ஆஸ்ட்ரகோடெர்ம் என்று அழைக்கிறார்கள். 'ஓட்டுத்தோல் கொண்டவை' என்று பொருள். நன்கு தெரிந்த மிகப் பழைய மாதிரிகள் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஓர்டோவிசியன் காலப் பாறைகளில் கிடைக்கின்றன. சைலூரியன் காலத்திலும் டெவோனியன் காலத்தின் முற்பகுதியிலும் இவை செழித்திருந்தன. சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் நிலைத்திருந்த உயிரினங்களை 'தோற்றுப்போன முயற்சி' என்று எழுதுவது நியாயமே இல்லை.

பெரும்பாலானவை ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும். டெவோனியன் காலத்து சம்மோஸ்டீட் மீன்கள் மட்டும் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்தன.

டங்கிளியோஸ்டியஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா?

இல்லை. கத்தி போன்ற வாய்த் தகடுகளோடு படங்களில் வரும் அந்தப் பெரிய மீன் பிளாக்கோடெர்ம் வகை. அதற்குத் தாடை உண்டு. எலும்புக் கவசம் இரண்டுக்கும் பொது என்பதால் குழப்பம் வருகிறது. போத்ரியோலெப்பிஸும் அப்படித்தான்: பெட்டி போன்ற கவசம் இருந்தாலும் அது தாடையுள்ள மீன். ஒரு மாதிரியை வகைப்படுத்தும்போது கவசத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் வாயைப் பாருங்கள்.

எத்தனை வகைகள் உண்டு? பார்த்தவுடன் பிரித்தறிய முடியுமா?

முழு மாதிரி கிடைத்தால் முடியும். செவுள் நீர் வெளியேறும் துளைகளும், தலையின் மேற்பக்கத் துளைகளும் போதும்.

ஹெட்டரோஸ்ட்ரக்கன்களுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு செவுள்துளை. உள்ளே எத்தனை செவுள் பைகள் இருந்தாலும் நீர் ஒரே வாசலில்தான் வெளியேறும். இணைத்துடுப்புகள் (உடலின் இரு பக்கமும் ஜோடியாக வரும் துடுப்புகள்) கிடையாது. டெராஸ்பிஸ், டிரெபனாஸ்பிஸ், டோரியாஸ்பிஸ் எல்லாம் இந்த வகை.

ஆஸ்டியோஸ்ட்ரக்கன்களின் தலை குதிரை லாட வடிவம். கண்கள் இரண்டும் மேலே, நெருக்கமாக. அவற்றுக்கிடையே பீனியல் துளை (ஒளியை உணரும் உறுப்புக்கானது), அதற்குச் சற்று முன்னால் சாவித் துவாரம் போன்ற ஒற்றை நாசித்துளை. செவுள்துளைகள் தலையின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும். செஃபலாஸ்பிஸ், ஹெமிசைக்ளாஸ்பிஸ், ட்ரெமட்டாஸ்பிஸ் இவ்வகையின் நன்கு அறியப்பட்ட பெயர்கள்.

கேலியாஸ்பிட்கள் சீனாவிலும் வியட்நாமிலும் மட்டுமே கிடைத்துள்ளன. தலையின் முன்பக்க மேற்புறத்தில் ஒரே பெரிய திறப்பு இருந்தால் கேலியாஸ்பிட் என்று எடுத்துக்கொள்ளலாம். மூச்சு நீர் அதன் வழியாகத்தான் உள்ளே போனது. சில இனங்களில் 45 இணை வரை செவுள் பைகள் உண்டு. முதுகெலும்பிகளில் இது அசாதாரணமான எண்ணிக்கை.

அனாஸ்பிட்கள் ஒல்லியானவை. கனமான தலைக்கவசம் கிடையாது, உடலெங்கும் நீண்ட சிறு செதில்கள். கண்ணுக்குப் பின்னே செவுள்துளைகள் சாய்ந்த கோட்டில் இறங்கும். வாலின் நீண்ட மடல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சுறாவின் வாலைப் பார்த்துப் பழகியவர்கள் ஆரம்பத்தில் இந்த மீனையே தலைகீழாக வைத்து வரைந்தார்கள். நார்வே நாட்டுத் தொல்லுயிரியலாளர் கியேர் 1924இல் அதைத் திருப்பி வைத்தார்.

தெலோடான்ட்களுக்குத் தகடே இல்லை. உடல் முழுக்கப் பொடிச் செதில்கள்தான். இவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் அராண்டாஸ்பிஸ், பொலிவியாவின் சகபம்பாஸ்பிஸ், வட அமெரிக்காவின் அஸ்ட்ராஸ்பிஸ் ஆகியவை ஓர்டோவிசியன் காலத்து முன்னோடிகள். பிட்டூரியாஸ்பிட்கள் என்ற சிறு கூட்டமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மட்டும் கிடைத்தவை. கேவின் யங் 1991இல் இவற்றை விவரித்தார்.

கவசம் எதனால் ஆனது? வெறும் எலும்பா?

இந்தக் கேள்வியில் நிதானமாக நிற்க வேண்டும். நம் பல்லும் எலும்பும் எங்கிருந்து வந்தன என்பதற்கான நேரடிச் சான்று இந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

ஒரு ஹெட்டரோஸ்ட்ரக்கன் தகட்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலடுக்கில் சிறு மேடுகளோ நீண்ட வரப்புகளோ இருக்கும். அவை டென்டின் என்ற பல் திசுவால் ஆனவை, மேலே எனாமலை ஒத்த கடினப் பூச்சு. நம் பற்களின் கட்டமைப்பும் இதுதான். நடுவடுக்கு தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். எடையைக் குறைத்து வலுவைக் காக்கும் அமைப்பு. அடியடுக்கு ஒட்டுப்பலகையைப் போல மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது.

நடுவடுக்கும் அடியடுக்கும் ஆஸ்பிடின் என்ற திசுவால் ஆனவை. அதில் எலும்பு உயிரணுக்கள் தங்கியிருந்த குழிகள் கிடையாது. அதற்குப் பதில் ஊசி போன்ற நுண்குழல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அது எலும்பா, டென்டினா, இரண்டுக்கும் முந்தைய ஏதோ ஒன்றா என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதம் நடந்தது. 2018இல் ஜோசப் கீட்டிங்கும் சக ஆய்வாளர்களும் சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி தரும் செறிவான எக்ஸ்-கதிர் கொண்டு அந்தக் குழல்களை முப்பரிமாணத்தில் ஆராய்ந்தார்கள். அவை கொலாஜன் நார்க்கற்றைகள் இருந்த இடங்கள், ஆகவே ஆஸ்பிடின் என்பது உயிரணுவற்ற எலும்பு என்பது அவர்கள் முடிவு.

ஆஸ்டியோஸ்ட்ரக்கன்களின் எலும்பில் உயிரணுக் குழிகள் தெளிவாக உண்டு. அந்த வகையில் அது நம் எலும்புக்கு இன்னும் நெருக்கம்.

கவசம் எதற்கு? எதிரிகளிடமிருந்து தப்பிக்கவா?

அதுவும் ஒரு காரணம். 1930களில் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமர், கடல் தேள்கள் எனப்படும் யூரிப்டெரிட்களுக்கு எதிரான பாதுகாப்பே கவசம் என்றார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அது விளக்கிவிடாது. தாக்குதல் நடந்ததற்கு உறுதியான சான்று சம்மோஸ்டீட் தகடுகளில் இருக்கிறது: கடித்த தடமும், கடிபட்ட பின் ஆறி மூடிய எலும்பும். ஆறியிருப்பதால் அந்த மீன் பிழைத்துக்கொண்டது என்று தெரிகிறது. அந்தக் கடிகள் தாடையுள்ள பெரிய மீன்களுடையவை.

இரண்டாவது காரணம் சேமிப்பு. எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கிடங்கு.

மூன்றாவது, உணர்வு. மேற்பரப்பு டென்டினில் ஓடும் நுண்குழல்கள் நம் பல்லில் கூச்சத்தைக் கடத்தும் குழல்களைப் போன்றவை. 2025இல் யாரா ஹரிடியும் குழுவினரும் ஓர்டோவிசியன் காலத்து எரிப்டிகியஸ் மீனின் டென்டினை ஆராய்ந்து, அந்தக் கவசம் தொடு உணர்வுள்ள பரப்பு என்று காட்டினார்கள். அதே ஆய்வு இன்னொரு செய்தியையும் சொன்னது: மிகப் பழைய முதுகெலும்பி என்று கருதப்பட்ட ஓர்டோவிசியனுக்கும் முந்தைய கேம்ப்ரியன் காலத்து அனடோலெப்பிஸ் மீனே அல்ல, அது கணுக்காலி. அதன் ஓட்டில் இருந்த உணர்வுத் துளைகளைத்தான் டென்டின் என்று தவறாகப் படித்திருந்தார்கள். பழைய புத்தகங்களில் அனடோலெப்பிஸ் இன்னும் மீனாகவே இருக்கும். படிக்கும்போது கவனம் வேண்டும்.

தாடை இல்லாமல் எப்படிச் சாப்பிட்டன?

கடித்துத் துண்டாக்கும் வேலை நடக்கவில்லை. மற்றபடி வகைக்கு வகை வேறுபாடு உண்டு.

ஹெட்டரோஸ்ட்ரக்கன்களின் கீழுதட்டில் ஒடுக்கமான எலும்புத் தகடுகள் விசிறி போல வரிசையாக இருந்தன. முன்பு இவற்றை வைத்தே பல கதைகள் எழுந்தன: சேற்றை வாரும் கரண்டி, இரையைக் கவ்வும் பற்கள் என்றெல்லாம். மார்க் பர்னெல் அந்தத் தகடுகளின் நுண்பற்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். முனைகள் வாய்க்கு வெளியே பார்த்தபடி இருந்தன, தேய்மானமும் இல்லை. இரையைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டிய பற்கள் உள்நோக்கித்தான் இருக்கும். தரையைச் சுரண்டியிருந்தால் தேய்ந்திருக்கும். எனவே நீரில் மிதக்கும் துகள்களை வடித்துத் தின்றன என்பது அவர் வாதம். 2024இல் ரைனோடெராஸ்பிஸ் மீனின் வாய்ப்பகுதி கலையாமல் இருந்த ஒரு மாதிரியை சிடி ஸ்கேன் செய்து முப்பரிமாணத்தில் எடுத்தபோது, தகடுகளின் அசைவு மிகக் குறைவு, கடிக்கவோ கவ்வவோ அவை உதவியிருக்காது என்று தெரிந்தது. பர்னெலின் கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

ஆஸ்டியோஸ்ட்ரக்கன்களுக்கு வாய் தலையின் அடியில், முன்விளிம்பை ஒட்டி. வாய்க்கும் செவுளுக்கும் பொதுவான பெரிய அறை ஒன்று இருந்தது. அதன் அடித்தளம் பொடித் தகடுகள் பதித்த தோல். தளம் தாழும்போது நீரும் படிவும் உள்ளே வரும், உயரும்போது செவுள்துளைகள் வழியே நீர் வெளியேறும். மூச்சும் சாப்பாடும் ஒரே இயக்கத்தில் முடிந்துவிடும்.

தெலோடான்ட்களில் வயிறே பதிவாகியிருக்கிறது. கனடாவின் வடமேற்கில் கிடைத்த பிளவுவால் தெலோடான்ட்களில் பீப்பாய் வடிவ வயிற்றை மார்க் வில்சனும் மைக்கேல் கால்ட்வெல்லும் 1993இல் விவரித்தார்கள். வயிறு வேண்டுமென்றால் முதலில் தாடை வேண்டும், பெரிய இரையை விழுங்கத் தொடங்கிய பிறகே வயிறு உருவானது என்ற பழைய வாதம் அதோடு ஆட்டம்கண்டது.

கனமான கவசத்தோடு நீந்த முடிந்ததா, தரையில் ஊர்ந்தனவா?

'மந்தமாகச் சேற்றில் புரண்டவை' என்ற சித்திரத்தைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தட்டையான டிரெபனாஸ்பிஸ் தரையில் கிடந்திருக்கலாம். அதை வைத்து எல்லாவற்றையும் அளக்கக் கூடாது.

டெராஸ்பிஸும் அதன் உறவுகளுமான டெராஸ்பிட்களுக்கு இணைத்துடுப்பு இல்லை. அப்படியானால் தலை கீழே சாயாமல் எப்படிச் சமாளித்தன? எர்ரிவாஸ்பிஸ் என்ற டெராஸ்பிட்டின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, தலைக்கவசத்தின் மேல் சுழல்கள் உருவாகி எழும்பு விசை கிடைத்தது. முக்கோண இறக்கை விமானம் பறக்கும் அதே முறை. கவசமே இறக்கையாக வேலை செய்திருக்கிறது. முதுகு முள்ளும் பக்கக் கூர்முனைகளும் உடல் புரளாமல் காத்தன.

ஆஸ்டியோஸ்ட்ரக்கன்களில் தலைக்கவசத்துக்குப் பின்னே தசையுள்ள மார்புத் துடுப்புகள் இருந்தன. நம் கைகளுக்கு ஈடான உறுப்பு முதலில் தெளிவாகத் தெரிவது இங்கேதான். ஹும்பெர்ட்டோ ஃபெர்ரோனும் குழுவினரும் 2020இல் பல ஆஸ்டியோஸ்ட்ரக்கன் வடிவங்களைக் கணினியில் நீரோட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். தலையின் வடிவமும் கொம்புகளும் மாற மாற, எழும்பு விசையும் இழுவையும் மாறின. தாடை வருவதற்கு முன்பே இவை வெவ்வேறு வாழ்க்கை முறைகளுக்குப் பிரிந்துவிட்டன என்பதுதான் அதன் பொருள்.

2022இல் விவரிக்கப்பட்ட டுஜியாஸ்பிஸ் இன்னும் முக்கியம். சீனாவில் கிடைத்த, சுமார் 43.6 கோடி ஆண்டுப் பழமையான கேலியாஸ்பிட். அதுவரை கேலியாஸ்பிட்களின் தலை மட்டுமே நன்றாகத் தெரியும். உடலோடு கிடைத்த இந்த மாதிரியில், தலைக்குப் பின்னிருந்து வால்வரை இரு பக்கமும் தொடர்ச்சியான துடுப்பு மடிப்பு ஓடுகிறது. நீண்ட மடிப்பு ஒன்று பிரிந்துதான் முன்துடுப்பும் பின்துடுப்பும் வந்தன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்த கருத்து. அதற்கு இப்போது கையில் ஒரு சான்று இருக்கிறது.

மூளை, காது, கண் பற்றியெல்லாம் எப்படித் தெரியும்? அவை அழுகிவிடுமே?

அழுகிவிடும், ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த எலும்பு அழுகாது. ஆஸ்டியோஸ்ட்ரக்கன்களின் தலைக்குள்ளே குருத்தெலும்பை ஒட்டி மெல்லிய எலும்புப் படலம் படிந்திருந்தது. மூளை, நரம்பு, இரத்தக் குழாய் ஒவ்வொன்றும் அதில் தன் அச்சைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த எரிக் ஸ்டென்சியோ, ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் கிடைத்த மாதிரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு படம் எடுத்து, அந்தப் படங்களை அடுக்கி மெழுகு மாதிரி செய்தார். அவருடைய பெரிய ஆய்வு 1927இல் வெளியானது. மாதிரி அழிந்துபோகும் முறை அது. இன்று அதே வேலையை எக்ஸ்-கதிர் ஸ்கேன் சேதமில்லாமல் செய்கிறது.

கிடைத்த விவரங்கள்: உட்செவியில் இரண்டு அரைவட்டக் குழல்கள்தான், தாடையுள்ள மீன்களுக்கும் நமக்கும் மூன்று. தலைக்கவசத்தின் ஓரத்திலும் நடுவிலும் பொடித் தகடுகள் மூடிய பள்ளங்கள் இருந்தன. உட்செவியிலிருந்து தடித்த குழல்கள் அவற்றுக்குப் போகின்றன. ஸ்டென்சியோ அவற்றை மின்சாரம் உண்டாக்கும் உறுப்பு என்று நினைத்தார். நீரின் அதிர்வையோ சூழலின் மின்புலத்தையோ அறியும் உணர்வுப் பரப்பு என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஷுயூ என்ற கேலியாஸ்பிட்டின் மண்டையை 2011இல் காய் சிகுனும் குழுவினரும் சின்க்ரோட்ரானில் ஆராய்ந்தபோது, நாசிப் பைகள் இரண்டும் தனித்தனியே விலகியிருந்தன. இன்றும் வாழும் தாடையற்ற மீனான லாம்ப்ரேயில் நடுவில் ஒற்றை நாசியமைப்பு. முகத்தின் நடுப்பகுதி இப்படி விடுபட்டதால்தான் பின்னால் தாடை வளர இடம் கிடைத்தது என்பது அந்த ஆய்வின் மையக் கருத்து. தாடைக்கான முன்வேலை தாடை இல்லாத மீனிலேயே நடந்திருக்கிறது!

சகபம்பாஸ்பிஸின் முகம் உண்மையில் அப்படித்தான் இருந்ததா?

ஹெல்சிங்கி அருங்காட்சியகத்து மாதிரியின் படம் 2023இல் பரவியதால் வரும் கேள்வி. இரண்டு கண்களும் முன்பக்கம் நேராகப் பார்த்திருப்பது கற்பனை அல்ல. புதைபடிவத்திலேயே கண்குழிகள் தலையின் முன்நுனியில்தான் உள்ளன. வாயில் சிறு எலும்புத் தகடுகள் ஏறக்குறைய 60 வரிசைகளாக இருந்தன. மேலே ஒரு பெரிய கவசம், கீழே ஒன்று, பின்னுடலில் பட்டைச் செதில்கள்.

பொலிவியாவின் சகபம்பா கிராமத்தின் பெயரால் 1986இல் இதற்குப் பெயரிட்டார்கள். ஒரே இடத்தில் பல மீன்கள் லிங்குலா வகை உயிரிகளுடன் (இரு ஓடுகள் கொண்ட சிறு கடலுயிரிகள்) சேர்ந்து கிடைத்தன. பெருமழையால் ஆழமற்ற கடலில் நன்னீர் திடீரென்று கலந்து எல்லாம் மொத்தமாக இறந்திருக்கலாம் என்பது விளக்கம்.

கடலிலா, நன்னீரிலா வாழ்ந்தன?

தொடக்கத்தில் கடற்கரையோரம். ஓர்டோவிசியன் மாதிரிகள் எல்லாம் ஆழமற்ற கடற்படிவுகளில்தான் கிடைக்கின்றன. 1892இல் சார்லஸ் வால்காட் விவரித்த, கொலராடோவின் ஹார்டிங் மணற்கல்லும் அப்படிப்பட்ட படிவே. லாரன் சாலனும் சக ஆய்வாளர்களும் 2018இல் 48 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்ட புதைபடிவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, புதிய வகைகள் கரையோரக் காயல்களிலும் அலைவாய்ப் பகுதிகளிலும் தோன்றின என்று தெரிந்தது. கட்டுறுதியான உடல் கொண்டவை கரையருகிலேயே தங்கி, பின் ஆறுகளுக்கும் நகர்ந்தன. மெல்லிய செதிலுடைய தெலோடான்ட்கள் ஆழத்துக்கும் போயின. பிரிட்டனின் 'பழைய செம்மணற்கல்' என்ற பாறைத் தொகுதியில் கிடைக்கும் செஃபலாஸ்பிஸ் ஆற்றுப் படிவைச் சேர்ந்தது. அதைப் பார்த்துத்தான் 'மீன்கள் ஆற்றில் தோன்றின' என்று முன்பு எழுதினார்கள்.

கவசம் இருந்தால் வளர்வது எப்படி? நண்டைப் போல ஓட்டை உரித்தனவா?

உரிக்கவில்லை. டெராஸ்பிட்களில் தகடுகள் தனித்தனியாக இருந்து, ஓரங்களில் எலும்பு சேர்ந்து சேர்ந்து பெரிதாயின. மர வளையம் போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். ஹெட்டரோஸ்ட்ரக்கன்களின் இன்னொரு பிரிவான சையத்தாஸ்பிட்கள் வேறு வழி: உடல் முழு அளவை எட்டும் தறுவாயில்தான் கவசம் உருவானது. அதனால்தான் ஓர் இனத்தில் கிடைக்கும் கவசங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன.

தெலோடான்ட் செதில்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முழுமீன் அபூர்வம், செதில் ஏராளம். ஒரு மீன் இறந்தால் ஆயிரக்கணக்கான செதில்கள் சிதறும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு; மேலே டென்டின் மகுடம், நடுவில் கூழறை, கீழே அடிப்பகுதி. சிறு பல் என்றே சொல்லலாம். துரினியா போன்ற இனங்களின் செதில்கள் குறிப்பிட்ட காலப் பாறைகளில் மட்டும் வருவதால், வேறு புதைபடிவம் இல்லாத மணற்கல்லுக்கும் வயது சொல்ல முடிகிறது.

தலை, முதுகு, துடுப்பு என்று இடத்துக்கு இடம் செதிலின் வடிவம் மாறும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே மீனின் செதில்களுக்கு இரண்டு மூன்று இனப்பெயர்கள் சூட்டிய தவறு பலமுறை நடந்திருக்கிறது. இன்றைய சுறாச் செதில்களோடு ஒப்பிட்டு வாழ்க்கை முறையையும் கணிக்கிறார்கள். மென்மையான இணை வரப்புகள் இருந்தால் வேக நீச்சல், தடித்த மழுங்கிய செதிலானால் பாறையோர வாழ்க்கை.

சுண்ணாம்புக்கல்லில் இருந்து செதில்களை எப்படிப் பிரிக்கிறார்கள்?

அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், பாஸ்பேட்டாலான எலும்பை விட்டுவிடும். அளவு தவறினால் எலும்பும் போய்விடும் என்பதால் வரிசையாகச் சொல்கிறோம்.

கல்லை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக உடைத்து, துளையுள்ள பிளாஸ்டிக் தட்டில் வைத்து, வாளிக்குள் தொங்கவிடுங்கள். வாளியின் அடியில் கிடந்தால் கரைந்து விழும் சேறு கல்லை மூடி வினையை நிறுத்திவிடும். 9 லிட்டர் நீரில் 1 லிட்டர் அடர் அசிட்டிக் அமிலத்தைக் கலந்தால் 10 சதவீதக் கரைசல். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி, புகைபோக்கிப் பெட்டி மூன்றும் கட்டாயம். அடர் அமிலத்தின் ஆவி நுரையீரலைப் புண்ணாக்கும்.

முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். புதிய அமிலத்தை அப்படியே பயன்படுத்தினால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கடுமை) 3.6க்குக் கீழே போய், பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். மெல்லிய செதில்கள் முதலில் மறையும். மிஞ்சுவதில் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கும், அதை இயற்கையான அலங்காரம் என்று தவறாக விவரிக்கவும் நேரும். முந்தைய கரைப்பில் எஞ்சிய வடிநீரில் கால்சியம் அசிட்டேட் இருக்கும்; அதில் ஒரு பகுதியைப் புதிய கரைசலில் சேர்த்தால் பிஎச் நிலைபெறும். வடிநீர் இல்லாவிட்டால் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் பாஸ்பேட் தூள் போடலாம்.

குமிழி நின்றதும் 63 மைக்ரான் சல்லடையில் மெதுவான நீரில் கழுவுங்கள். நன்றாகக் கழுவாவிட்டால் காயும்போது கால்சியம் அசிட்டேட் ஊசிப் படிகங்களாக வளர்ந்து செதிலைப் பிளக்கும். எச்சம் நிறைய இருந்தால் அடர்த்தி 2.8 வரும்படி தயாரித்த சோடியம் பாலிடங்ஸ்டேட் திரவத்தில் போடுங்கள். குவார்ட்சின் அடர்த்தி 2.65, மிதக்கும், எலும்பின் அபடைட் 3.1க்கு மேல், மூழ்கும். டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கனிமம்) துணுக்குகளும் கூடவே மூழ்கிவிடும், அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். கடைசியில் இருவிழி நுண்ணோக்கியின் கீழ், ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

கல்லே டோலமைட்டாக இருந்தால் அசிட்டிக் அமிலம் வாரக்கணக்கில் எடுக்கும்; அப்போது ஃபார்மிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். மணற்கல்லுக்குச் சுண்ணாம்புப் பிணைப்பு இல்லாவிட்டால் அமிலமே பயனில்லை.

முழுத் தலைக்கவசத்தையும் அமிலத்தில் போடலாமா?

போடலாம், ஆனால் 5 சதவீதக் கரைசலில், சிறு சிறு சுற்றுகளாக. ஒரு நாள் ஊறல், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் நீரில் அலசல், காயவிடல், வெளிப்பட்ட எலும்புக்கு அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினை நீர்க்கப் பூசல், மறுபடி ஊறல். பூச்சைத் தடிமனாகப் போட்டால் பளபளப்பு வந்து வரப்புகள் மூடிப்போகும். சல்ஃபைடு கனிமமாக மாறிய மாதிரிகளை, ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் பலகைக்கல்லில் வரும் டிரெபனாஸ்பிஸ் போன்றவற்றை, அமிலத்தில் போடவே கூடாது. அவற்றை முதலில் எக்ஸ்-கதிரில் பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியாலோ நுண்பொடி பீச்சியாலோ சுத்தம் செய்வதே முறை.

லாம்ப்ரேயும் ஹேக் மீனும் இவற்றின் வாரிசுகளா?

அல்ல. தாடை இல்லாதது பொது அம்சம், அவ்வளவே. அவை இரண்டும் தனிக் கிளை. கவச மீன்களில் பெரும்பாலானவை தாடையுள்ள மீன்களின் பக்கம், அதாவது நம் பக்கம் நிற்கின்றன. அதிலும் ஆஸ்டியோஸ்ட்ரக்கன்கள் மிக நெருக்கம்: இணைத்துடுப்பு, உயிரணு எலும்பு, மேல்மடல் நீண்ட வால் மூன்றும் அவற்றுக்கு உண்டு. அனாஸ்பிட்களை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

ஏன் அழிந்தன? தாடையுள்ள மீன்கள் விரட்டிவிட்டனவா?

பள்ளிப் பாடம் சொல்லும் விளக்கம் அது. கால வரிசை அதற்கு ஒத்துழைக்கவில்லை. சீனாவில் 2022இல் விவரிக்கப்பட்ட பற்கள் தாடையுள்ள மீன்களைச் சுமார் 43.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோய் வைக்கின்றன. கவச மீன்கள் மறைந்தது 37 கோடி வாக்கில். இரண்டு கூட்டமும் 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. விரட்டுவதற்கு அவ்வளவு காலம் ஆகாது.

வாழிடம் சுருங்கியதே பெரிய காரணமாகத் தெரிகிறது. பெரும்பாலான இனங்கள் ஒரு குறிப்பிட்ட கரையோரத்திலேயே முடங்கியவை. ஆழ்கடலைத் தாண்டிப் போகாதவை. கேலியாஸ்பிட்கள் சீனாவையும் வியட்நாமையும் விட்டு வெளியே வராததே அதற்குச் சாட்சி. கடல்மட்டம் மாறி அந்தக் கரை மறைந்தால் இனமும் மறையும். எஞ்சியவற்றில் பலவற்றை 37.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கெல்வாசர் நெருக்கடி முடித்துவைத்தது. கடல்நீரில் ஆக்சிஜன் குறைந்த காலம் அது.

கையில் கிடைத்த துண்டு கவச மீனுடையதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

10 மடங்கு கைலென்ஸ் போதும். முதலில் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். நடுவே தேன்கூட்டு அறைகளும் மேலே அடர்ந்த மெல்லிய அடுக்கும் தெரிந்தால் ஹெட்டரோஸ்ட்ரக்கனாக இருக்க வாய்ப்பு அதிகம். மேற்பரப்பில் கைரேகை போல இணை வரப்புகள் இருந்தால் சையத்தாஸ்பிட் அல்லது டெராஸ்பிட். நட்சத்திர விளிம்புள்ள மேடுகள் இருந்தால் சம்மோஸ்டீட். கருநீலம், ஊதா, பழுப்பு என்று நிறம் பாறைக்குப் பாறை மாறும், அதை நம்ப வேண்டாம்.

ட்ரைலோபைட் ஓடு கால்சைட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டால் பொங்கும், எலும்பு பொங்காது. சுற்றியுள்ள கல் சுண்ணாம்பாக இருந்தால் அதுவும் பொங்கும் என்பதால், சொட்டைச் சிதறிய ஒரு துணுக்கில் மட்டும் விடுங்கள். நல்ல மாதிரியின் மேல் அமிலம் படவே கூடாது. யூரிப்டெரிட் தோல் காகிதம் போல மெலிந்து கசங்கியிருக்கும், பிறை வடிவக் கோலங்கள் தெரியும், அடுக்கு இருக்காது.

எடுக்கும் முன் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். எந்தப் படுகை, அதன் மேலிருந்து எத்தனை செ.மீ., எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதிவையுங்கள். துண்டு பிளந்தால் இரு பாதியையும் சேர்த்து வையுங்கள். எலும்பு ஒரு பாதியில் ஒட்டியிருக்கும், அதன் மேற்பரப்பு வரப்புகளின் அச்சு மறுபாதியில் இருக்கும். இனத்தைத் தீர்மானிக்க உதவுவது பெரும்பாலும் அந்த அச்சுதான்.